உங்கள் தாத்தா டிவியை அணைத்ததைப் பற்றி

நீங்கள் கேட்டது இது: 2025 செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டத்தில், இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கை குலுக்காமல் போனதைப் பார்த்து கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் உங்கள் தாத்தா டிவியை அணைத்துவிட்டார். "1975ல் மெர்டேக்கா அரங்கத்தில் நான் பார்த்த இந்தியா இது இல்லை" என்றாராம். டிவியும் பணமும் சேர்ந்து இந்திய சமுதாயத்தின் பண்பைக் கெடுத்துவிட்டனவா, இல்லை தாத்தா பழைய ஞாபகத்தில் பேசுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கை குலுக்கல் சும்மா ஒரு சாக்கு. தாத்தாவின் தலைமுறை நம்மைவிட நல்ல மனிதர்களா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் சங்கடமானது. பிறகு வருகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதலில் மொழிபெயர்ப்பு, அப்புறம் நிருபர், கடைசிப் பத்து வருடம் பக்கப் பொறுப்பு. சமூகவியல் படித்தவன் அல்ல. இந்தியாவுக்குப் போனது ஆறு தடவை. அதில் நாலு தடவை கோயில் சுற்றுதான். ஆகவே இந்திய சமுதாயத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரு செய்தி மேசையில் உட்கார்ந்து பார்த்தது. எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, எது பக்கத்தின் மேலே ஏறியது, எது குப்பைத் தொட்டிக்குப் போனது என்பது வரை உறுதியாகச் சொல்வேன். மனிதர்களின் மனசுக்குள் என்ன நடந்தது என்பது என் ஊகம்.

1975ல் எனக்குப் பதின்மூன்று வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. எங்கள் லயத்துக்கு அது வானொலி வழியாக வந்தது. உங்கள் தாத்தா இறுதியாட்டத்தைச் சொல்கிறார். எனக்கு அதைவிட அரையிறுதிதான் நெஞ்சில் இருக்கிறது, ஏனென்றால் அதில் இந்தியாவோடு மோதியது நாம். மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் என்று நம் பெயர்கள். 2–1 என்று நாம் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவதை அடித்தார். கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள், பாதிப் பேர் விசிலடித்தார்கள். தண்டல் தாத்தா ஒருவர் இரண்டையும் செய்தார். ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு அது சொந்த ஊர் ஜெயித்த மாதிரி. இங்கே பிறந்த எங்களுக்குத் தோல்வி. அன்று இரவு கடையில் சண்டை கூட வந்தது. ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் விளையாட்டை விளையாட்டாக மட்டும் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கடை வாசல்தான் ஞாபகம் வரும்.

இறுதியாட்டம் மார்ச் 15. இந்தியா 2–1 என்று பாகிஸ்தானை வென்றது. இந்தியா ஆண்கள் ஹாக்கி உலகக் கிண்ணத்தை வென்றது அந்த ஒரே தடவைதான், அதுவும் நம் ஊரில். சுர்ஜித் சிங் சமன் செய்தார், ஹாக்கி மேதை தியான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றி கோலை அடித்தார். ஆனால் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது, அது கோலே இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் நம் நாட்டு விஜயநாதன். கோல்தான் என்று உறுதியாக நின்றார். இந்தியாவும் பாகிஸ்தானும் வங்கதேசப் போரை நடத்தி முடித்து அப்போது நாலு வருடம்கூட ஆகவில்லை. கோபத்துக்குக் காரணம் வேண்டிய அளவு இருந்தது. இல்லாதது, அந்தக் கோலை இருபது கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டும் கேமரா. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்ததே அந்த வருடம் ஆகஸ்டில்தான். இந்தியாவில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தை ஜஸ்தேவ் சிங்கின் வானொலி வர்ணனையில் கேட்டார்கள். கேட்டவர் கற்பனையில் பந்து உள்ளே போனது, அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. இன்றைக்கு அந்தக் கோல் விழுந்திருந்தால் விஜயநாதனின் பெயரும் முகவரியும் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கும்.

இனிமேல் சொல்வதில் உறுதியானவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட்தான் ஹாக்கியைக் கொன்றது, இந்தியா கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற 1983தான் அந்தக் கத்தி என்று ஒரு கதை உண்டு. நானே அதை நிறைய எழுதியிருக்கிறேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. கோலாலம்பூர் வெற்றிக்கு அடுத்த வருடமே, செயற்கைப் புல்தரையில் ஒலிம்பிக் ஹாக்கி முதல்முதலாக நடந்த மாண்ட்ரியலில், இந்தியா ஏழாவது இடம். 1982ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில், சொந்த மண்ணில், பாகிஸ்தானிடம் 1–7. அதே போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. புதிதாக வாங்கிய வண்ணப் பெட்டியில் இந்தியர்கள் பார்த்த முதல் பெரிய காட்சிகளில் ஒன்று அந்த ஏழு கோல். ஆறு மாதம் கழித்து 1983 ஜூன் 25ல் கபில் தேவ் லார்ட்ஸில் கிண்ணத்தைத் தூக்கினார். ஹாக்கி ஏற்கெனவே விழுந்து கிடந்தது. கிரிக்கெட் காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

அந்த நாற்காலியில் அன்று பணம் இல்லை என்பதும் உறுதி. உலகக் கிண்ணம் வென்ற அணிக்குப் பரிசு கொடுக்க இந்தியக் கிரிக்கெட் வாரியத்திடம் காசு இல்லாமல், லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி செய்து திரட்டிய பணத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பத்து வருடம், ஆட்டத்தை ஒளிபரப்ப அரசாங்கத் தொலைக்காட்சியான தூர்தர்ஷன் வாரியத்திடம்தான் பணம் கேட்டது. ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய். விற்பவனே காசு கொடுத்து விற்ற காலம். 1993ல் வாரியம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் உரிமையை விற்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: வான்அலைகள் பொதுச் சொத்து, அரசாங்கத்தின் தனியுரிமை அல்ல. இந்தியாவில் ஊடகத்தையும் விளையாட்டையும் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் டெண்டுல்கரில் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பில் ஆரம்பிக்க வேண்டும். அன்று திறந்த குழாயிலிருந்துதான் எல்லாம் கொட்டியது. 2022ல் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் கணக்கிட்ட 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. கபில் தேவின் அணி முழுவதும் வாங்கிய பரிசுப் பணம் ஒரு பந்துக்குக்கூடக் காணாது.

குழாய் திறந்தபோது என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். 1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. அதில் கிரிக்கெட்டும் உண்டு. டெண்டுல்கர் வருகிறார், கும்ப்ளே வருகிறார். என் ஆசிரியர் மூன்று பக்கம் ஒதுக்கச் சொன்னார். ஆனால் அதே வாரத்தில் டொராண்டோவில் இந்தியா–பாகிஸ்தான் தொடர், தொலைக்காட்சிக்காகவே உண்டாக்கிய ஒன்று, ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. வாரியம் என்ன செய்தது தெரியுமா? அணியை இரண்டாகப் பிரித்தது. அஜய் ஜடேஜா தலைமையில் ஒரு பாதி இங்கே, அசாருதீன் தலைமையில் மறு பாதி கனடாவில். பாகிஸ்தானும் அதையே செய்தது. இங்கே வந்த பாதி ஆஸ்திரேலியாவிடம் 146 ரன்னில் தோற்று, முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது. நான் போன ஆட்டத்தில் திடல் ஓரம் சில நூறு பேர் இருந்திருப்பார்கள். டெண்டுல்கரைப் பத்தடி தூரத்தில் பார்த்தோம், கையெழுத்து வாங்க வரிசைகூட இல்லை. கிரிக்கெட் உலகத்தின் மிக விலை உயர்ந்த ஆட்டக்காரர், கேமரா அதிகம் இல்லாத ஒரு திடலில், ஏறக்குறைய சாதாரண மனிதராக நின்றார். எனக்கு அது அன்றே விசித்திரமாக இருந்தது. நாட்டுக் கொடியும் ஒளிபரப்பு ஒப்பந்தமும் ஒரே வாரத்தில் வந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாத ஓர் அமைப்பு, பத்து வருடத்தில் முடிவெடுத்துவிட்டது.

பத்து வருடம் என்று சும்மா சொல்லவில்லை. 2008 மார்ச் 2ஆம் தேதி பூச்சோங் கின்றாரா ஓவலில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டம். மழை. இந்தியா தென்னாப்பிரிக்காவை 12 ரன்னில் வென்றது. தலைவர் விராட் கோலி. நான் எழுதியது ஆறு பத்தி. அதற்கு முந்தின மாதம்தான், பிப்ரவரி 20ஆம் தேதி, மும்பையில் முதல் ஐ.பி.எல். ஏலம் நடந்திருந்தது. கிண்ணம் வென்ற பையன்கள் ஊர் திரும்பியதும் அவர்களையும் அணிகள் பங்கிட்டுக்கொண்டன. 1998ல் இங்கே ஆடியவர்கள் நாட்டுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றார்கள். 2008ல் ஆடியவர்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அவர்கள் விலைச்சீட்டோடு வளர்ந்த முதல் தலைமுறை. அது அவர்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் அப்பாவுக்கும் யாராவது ஏலம் போட்டிருந்தால் அவரும் மேடை ஏறியிருப்பார்.

இன்னொரு சாட்சி இந்திய அணியின் சட்டை. தொண்ணூறுகளில் அதில் இருந்தது ஒரு சிகரெட்டின் பெயர். அப்புறம் சகாரா நிறுவனம். அப்புறம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம், ஒரு கைப்பேசி, ஒரு டியூஷன் செயலி, பணம் கட்டி ஆடும் ஒரு செயலி. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டைத் தடை செய்ததால் அந்தச் செயலியும் போய், துபாய் ஆசியக் கிண்ணத்துக்கு இந்திய அணி மார்பில் விளம்பரமே இல்லாமல் வந்தது. உங்கள் தாத்தா அணைத்த ஆட்டத்தில் அந்த வெறும் நீலச் சட்டையைத்தான் பார்த்திருப்பார். இப்போது ஒரு டயர் நிறுவனம். ஒரு நடுத்தர வர்க்கம் எதற்கு ஆசைப்பட்டது, எதில் ஏமாந்தது என்று முப்பது வருட வரலாறு எழுத வேண்டுமென்றால் அந்தச் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் போதும். டியூஷன் செயலி இருந்த காலத்தில் இங்கே பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, மகனுக்கு அதே மாதிரி ஒன்றைக் கட்டணம் கட்டி வாங்கினார். கிரிக்கெட் அணி போட்டிருக்கிறதே, நல்லதாகத்தான் இருக்கும் என்றார்.

இனி உறுதியில்லாத பகுதி. பணம் வந்ததால் வெறுப்பு வந்ததா? இங்கேதான் நான் மெதுவாக நடக்கிறேன். 1996ல் கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் பாட்டில் எறிந்து, இருக்கைக்கு நெருப்பு வைத்து, ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஐ.பி.எல். பிறக்க அப்போது பன்னிரண்டு வருடம் இருந்தது. மூன்று வருடம் கழித்து, 1999 ஜனவரி 31ல், சென்னை சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்து ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி திடலைச் சுற்றி ஓடி வந்தது. அதை நான் மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். தமிழனாக அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் தீரவில்லை. ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, இரண்டு கூட்டம். ஆகவே காலம் கெட்டுவிட்டது என்பது விடையாகாது. 2021ல் பாகிஸ்தானிடம் தோற்ற இரவில் முஸ்லிம் பந்துவீச்சாளர் முகமது ஷமியைத் திட்டித் தீர்த்தவர்களும் இந்தியர்கள்தான். சில நாளில் பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து அவருக்காகப் பேசிய அணித் தலைவர் கோலியும் இந்தியர்தான்.

துபாய் விவகாரத்தில் நான் தாத்தாவோடு பாதி தூரம்தான் வருவேன். அந்த ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மே மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டன. வீடு இழந்தவன் துக்கத்தில் கை கொடுக்கவில்லை என்றால், கோலாலம்பூரில் தே தாரிக் குடித்துக்கொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு உறுத்தியது வேறு. கை கொடுக்க மாட்டோம் என்றவர்கள் செப்டம்பர் 14, 21, 28 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அதே பாகிஸ்தானோடு ஆடினார்கள். துக்கம் என்றால் ஆடாமல் இருந்திருக்கலாம். ஆடாவிட்டால் ஒளிபரப்புக்காரருக்கு நஷ்டம். கை குலுக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, இன்னும் நாலு நாள் பேச விஷயம் கிடைக்கும். செலவில்லாத எதிர்ப்பு என்று நான் இதைச் சொல்வேன். இது என் கருத்து. ஆடித்தான் ஆக வேண்டிய கட்டாயம் வீரர்களுக்கு இருந்தது என்று வாதாடுகிறவர்களிடம் எனக்கு வலுவான மறுப்பு இல்லை.

இதற்கு இரண்டு வாரம் கழித்து நம் ஜோகூர் பாருவில் ஒன்று நடந்தது. எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. சுல்தான் ஆஃப் ஜோகூர் கிண்ணம், இளையோர் ஹாக்கி. அக்டோபர் 14. இந்தியா–பாகிஸ்தான். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிப் பையன்களும் வரிசையில் வந்து உள்ளங்கையில் உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். ஆட்டம் 3–3. அதே நாடுகள், அதே துக்கம், அதே வருடம். கேமரா கொஞ்சமாக இருந்த இடத்தில் பையன்கள் பையன்களாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க முடியாது. மேலிருந்து வேறு மாதிரி உத்தரவு வந்திருக்கலாம். ஆனால் உங்கள் தாத்தாவிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. அவர் பார்த்த இந்தியா காணாமல் போகவில்லை, இளையோர் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்கிறது.

ஊடகம் என்ன செய்கிறது என்பதற்கு நான் அனுபவத்தில் கண்ட பதிலைச் சொல்ல, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு சுக்மா போட்டி, அதாவது மலேசிய மாநிலங்கள் மோதும் விளையாட்டுப் போட்டி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த ஒரு பெண் ஓட்டத்தில் தங்கம் வாங்கினாள். அன்றிரவு இந்தியாவுக்கு எங்கோ ஒரு நாள் ஆட்டம். செய்தி நிறுவனம் வழியாக டெண்டுல்கரின் படம் மூன்று, நாலு கோணத்தில் வந்து கிடந்தது; வர்ணனை அரை மணி நேரத்தில் தமிழாகிவிடும். அந்தப் பெண்ணின் படம் வேண்டுமென்றால் ஆள் அனுப்ப வேண்டும், பெட்ரோல், சாப்பாட்டுக் காசு. பக்கம் முடிக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. டெண்டுல்கர் மேலே போனார், நாலு பத்தியில். அவளுக்கு ஒன்பது வரி, படம் இல்லை. மறுநாள் காலையில் அவள் அப்பா, லாரி ஓட்டுநர், பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. "படம் போடலீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். நாளைக்குப் போடுகிறோம் என்றேன். நாளைக்கும் கிரிக்கெட் இருந்தது.

நான் அவளை மதிக்காமல் அப்படிச் செய்யவில்லை. டெண்டுல்கர் சுலபமாக வந்தார், அவ்வளவுதான். ஒரு சமுதாயம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பதை யாரோ திட்டம் போட்டு மாற்றுவதாக எல்லாரும் பேசுகிறோம். மேசையில் இருந்த எனக்குத் தெரிந்தவரை, எது மலிவாக, தயாராக, படத்தோடு வருகிறதோ அது மேலே ஏறுகிறது. பத்து வருடம் மேலேயே இருந்தால் அதுதான் பெரிது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள், பக்கம் போடுகிறவனும் சேர்த்து. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு நடந்ததும் பெரிய அளவில் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு நடந்தது இன்னும் மோசம். இந்தியா தனக்காகச் சமைத்ததை நாம் இங்கே பொட்டலமாக வாங்கிச் சாப்பிட்டோம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி சூப்பர் லீக் வரைக்கும் ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் 2022ல் ஆடி, அந்தப் பருவத்தோடு விலகியது. நான் போன ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதே நேரம் ஐ.பி.எல். சென்னை அணியின் மஞ்சள் சட்டையைக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கலாம். அந்த அணியின் நிர்வாகத்தில் இருந்தவர் சூதாட்ட விவகாரத்தில் சிக்கி, அணியே 2016, 2017 இரண்டு வருடம் தடை செய்யப்பட்டது. அப்போதும் அந்தச் சட்டையைக் கழற்றியவரை நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லிக் குறை பேச நமக்கும் தகுதியில்லை. 1994, 95ல் நம் காற்பந்தில் ஊழல் வெடித்தபோது நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள்.

சரி, சங்கடமான பகுதிக்கு வருகிறேன். தாத்தாவின் தலைமுறை நல்லவர்களா? எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது: எம். ராஜாமணி. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம், அதே வருடம் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது. அப்பாவுக்கு அவர் மேல் அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார். என் அக்காதான் எங்கள் தோட்டப் பள்ளியில் வேகமான ஓட்டக்காரி, பையன்களையும் சேர்த்து. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மாவட்டப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கால்சட்டை போட்டு ஓட வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ராஜாமணி படம் சுவரில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்கப்புறம் ஓடவில்லை. பதினேழு வயதில் கல்யாணம். அப்பா கெட்டவர் இல்லை, தம்பி. தோற்றவனுக்கும் கைதட்டுகிறவர்தான், அந்த அரையிறுதி இரவில் கடைச் சண்டையை விலக்கிவிட்டவரும் அவர்தான். அந்த நல்ல குணம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அதனால்தான் பழைய காலம் பொற்காலம் என்று என்னால் எழுத முடியாது. இந்தியாவிலும் அப்படித்தான். எழுபதுகளில் கிரிக்கெட் ஆடிய பெண்கள் முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் மூட்டையோடு போய், கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கி ஆடினார்கள். வாரியம் அவர்களைச் சேர்த்துக்கொண்டதே 2006ல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தது 2022ல். நான் திட்டிக்கொண்டிருந்த அதே ஒளிபரப்புப் பணம்தான் அதைக் கொடுத்தது. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம், மழையால் தாமதம், நம் நேரத்துக்கு முடிய விடியற்காலை இரண்டரை. அக்கா வீட்டில் பார்த்தேன். அவளுக்கு இப்போது அறுபத்தேழு, முட்டிவலி. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றதும் பேத்தி குதித்தாள், அக்கா எழுந்து போய்த் தண்ணீர் வைத்தாள், காப்பி போட. எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் தாத்தாவின் பக்கம் முழுதாகப் போய் உட்காருகிறேன். 2023ல் இந்திய மல்யுத்தப் பெண்கள், சங்கத் தலைவர் தங்களைப் பாலியல் தொல்லை செய்தார் என்று டில்லியில் தெருவில் உட்கார்ந்தார்கள். மே 28ஆம் தேதி போலீஸ் அவர்களை இழுத்துப் போனது. அப்போது ஆடிக்கொண்டிருந்த முன்னணிக் கிரிக்கெட் நட்சத்திரங்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. சில நாளில் அறிக்கை விட்டது யார் என்றால் 1983 அணியின் பழைய ஆட்டக்காரர்கள். ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கியவர்கள். இழப்பதற்கு ஒப்பந்தம் இல்லாதவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு, அவர் பேசினார். ஆகவே பணம் வாயைக் கட்டிவிடும் என்பதும் முழு விதி இல்லை.

நீங்கள் தாத்தாவோடு உட்கார்ந்து எதையாவது பார்க்க விரும்பினால், கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் பூப்பந்து போடுங்கள். நம் தீனா முரளிதரனும் பேர்லி டானும் 2025ல் பாரிஸில் உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளி வாங்கிய இணை. நம் பெண் ஒருத்தி, சீனப் பெண் ஒருத்தி, ஒரே சட்டை. தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிடிக்காவிட்டால் அவரே அணைத்துவிடுவார், அவருக்குத்தான் அது கை வந்த வேலை.

எனக்கும் ஓர் உதவி செய்யுங்கள். அவர் இறுதியாட்டத்துக்கு மெர்டேக்கா அரங்கத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அசோக் குமாரின் அந்தக் கோல் விழுந்த முனையில் உட்கார்ந்திருந்தாரா, பந்து உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டு எழுதுங்கள். முடிந்தால் இன்னொன்றும்: அரையிறுதியில் அவர் யாருக்குக் கைதட்டினார்?